இரண்டு சேலங்கள்

மனச்சான்றைத் தண்டிக்கும் வழக்கம் எத்தேசத்துக்கும் புதிதன்று. 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் டி நோபிலி காவியுடுத்து, மரக்கறியுண்டு, தமிழும் வடமொழியும் கற்றுத் தத்துவபோதகர் என்னும் பெயர் பூண்டார். குடுமி, பூணூல், சந்தனம் ஆகியவற்றை அனுமதித்தாரென்று அவர்மீது குற்றஞ்சாட்டியோர் அவருடைய சகபாதிரிமாரே! 1619-ல் கோவாவில் விசாரணை நடந்தது. 1623-ல் போப் பதினைந்தாம் கிரெகோரி அவ்வழக்கங்களுக்கு அனுமதியளித்தார்.

அவ்வாண்டே நோபிலி நம் சமவெளியை நோக்கிப் பயணமானார். நாமக்கல்லையடுத்த சேந்தமங்கலத்தில் ராமசந்திர நாயக்கர் அவரை வரவேற்றார். சேலத்திலோ முதலில் தங்க இடந்தருவாரில்லை. ஊர்ப்புறச் சாவடியில் நோயுற்றுக் கிடந்தார். பின்னரே ஆதரவு கிட்டியது.

அதே நூற்றாண்டில், அமெரிக்காவின் மாஸச்சூஸெட்ஸிலும் ஒரு சேலம் இருந்தது. குவேக்கர் கொள்கையைத் தழுவிய லாரன்ஸ், கஸாண்ட்ரா ஸவுத்விக் என்னும் முதிய தம்பதிகளைச் சிறையிலிட்டுக் கசையாலடித்து, 1659-ல் நாடுகடத்தினர். மறுவருஷமே இருவரும் மாண்டனர். அபராதங் கட்டாத அவர்களுடைய மக்கள் இருவரை அடிமைகளாக விற்கவும் உத்தரவாயிற்று. ஆனால் அவர்களை ஏற்றிச்செல்ல எந்தக் கப்பல் தலைவனும் இசையவில்லை.

நோபிலி ஜாதிப் பிரிவினைக்கு இடங்கொடுத்ததை நாம் ஏற்கவில்லை. ஒருவருடைய கொள்கையை மறுக்கலாம். அவர் ஒதுங்கும் நிழலை மறுத்தல் அறமன்று. சட்டமே நெறிதவறிய காலத்தில், அக்கப்பல் தலைவர்களின் மறுப்பே தர்மத்தைக் காத்தது.