தனித்துவம் என்னும் சொல்லும் பத்திரிகை வழக்கும்

அண்மைக்காலப் பத்திரிகையெழுத்தில் 'தனித்துவம்' என்னுஞ் சொல் பெருவழக்குப் பெற்றுள்ளது. தனித்துவமான கலை, தனித்துவமான தலைமை, தனித்துவமான சமூகம் என்றவாறு அது பண்பாட்டிலும் அரசியலிலும் ஒருங்கே பயிலுகின்றது. ஒன்றைப் பிறவற்றினின்றும் வேறுபடுத்துவது தனித்துவம். வேறுபாடோ ஓர் உறவு. எதனின்று வேறுபட்டது, எவ்வரலாற்றினால் வேறுபட்டது என்னும் வினாக்களை விலக்கின் அச்சொல் வெறும் புகழுரையாகிவிடும். பத்திரிகையாளர் பலர் இவ்வினாக்களை விலக்கியே அதனை ஆளுகின்றனர். கலஹாவைச் சூழ்ந்த தோட்டப்பகுதியின் வரலாறு இதனைத் தெளிவாக்கும்.

கலஹாவை அடுத்த லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். ஒரு மனிதர், ஒரு தோட்டம், ஓராண்டு என்பதே இதுபற்றிய செய்திக்கட்டுரைகளின் வாய்பாடு. டெய்லரின் திறமை மறுக்கத்தக்கதன்று. ஆயினும், 1869இல் வெளிப்பட்டுக் கோப்பியை அழித்த இலைநோயும், பிரித்தானிய மூலதனமும், தமிழகக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் திரட்டிய உழைப்பும் இன்றேல் அந்த 19 ஏக்கர் ஒரு பரிசோதனையாகவே நின்றிருக்கும். தனியொருவர் பெயர் ஒளிபெறும்போது உழைத்தோர் பெயரற்றோராகின்றனர்.

கலைகள் பற்றிய எழுத்திலும் இதே போக்கினைக் காணலாம். காமன்கூத்து மலையகத்தின் தனித்துவக் கலையாகப் போற்றப்படுகின்றது. அது தமிழகத்திலிருந்து வந்து, தோட்டத்து வேலைநேரத்துக்கும் லயத்து வாழ்வுக்கும் இயைய மாறியது என்பதே அதன் தனித்துவம். அம்மாற்றத்தை விளக்காத பாராட்டு கலையைக் காட்சிப்பொருளாக்குகின்றது.

அரசியலில் விளைவு இன்னும் பாரதூரமானது. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு இம்மக்களை 'இந்தியத் தமிழர்' எனத் தனித்துக் கணக்கிட்டது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபரில் ஸ்ரீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம், அவர்தம் கருத்தைக் கேளாமலே 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. 'வேறானவர்' என்னும் அடையாளமே இங்கு உரிமை பறிக்கும் கருவியாயிற்று. இன்று பெருமைக்குரியதாகப் பேசப்படும் தனித்துவத்தின் மறுபக்கம் இது.

எனவே அச்சொல்லையே கைவிட்டு, வர்க்கம் என்னும் பொதுமையுள் யாவற்றையும் அடக்கிவிடலாமா? அதுவும் தீர்வாகாது. 1940 ஜனவரியில், கலஹாவுக்கு அயலிலுள்ள ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். அப்போராட்டத்தில் தோட்டத் தொழிலாளரோடு நின்றது லங்கா சமசமாஜக் கட்சி. 1964 ஜூனில் அக்கட்சி கூட்டரசாங்கத்திற் சேர்ந்தது. சில மாதங்களில் அவ்வரசாங்கமே மேற்குறித்த ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டது. ஒரே வர்க்கத்துள்ளும் ஒரு பகுதியினர் நாடற்றோர் என்னும் குறிப்பான நிலையைப் புறக்கணித்த பொதுமை, இறுதியில் அதிகாரத்தின் பொதுமையாகவே முடிந்தது.

பத்திரிகைத்துறை வேறுவகையாகவும் இயங்கியதுண்டு. 1921இல் 'தேசநேசன்', 1924இல் 'தேசபக்தன்' ஆகிய ஏடுகள் வழியாகச் செயற்பட்ட கோ. நடேசய்யர் தோட்ட மக்களின் நிலையைக் கூலி, கடன், சட்டம் ஆகியவற்றோடு பிணைத்து எழுதினார், தொழிற்சங்கத்தையும் கட்டினார். தனித்துவம் அவருக்கு அலங்காரமன்று. தனித்த சுரண்டலுக்கு எதிரான தனித்த கோரிக்கை. அச்சொல்லைச் செய்தித்தாளிற் காணுந்தோறும் நாம் கேட்கவேண்டியது ஒன்றே: இதனோடு எந்த உரிமை கோரப்படுகின்றது?