மூளை நிறைய குப்பை... ஞாபகம் மட்டும் பக்கா!

அல்ஸைமர்னா தாத்தா பாட்டிக்கு வர்ற மறதின்னுதானே நினைச்சுட்டிருக்கீங்க? கொலம்பியா நாட்டின் ஆன்டியோகியா மலைப்பகுதியில் ஒரு பெரிய பரம்பரை இருக்கு. அவங்கள்ல பலருக்கு 45 வயசு வாக்கிலேயே மறதி ஆரம்பிச்சிடும். உள்ளூர்ல இதுக்குப் பேரு ‘லா போபெரா’. அசட்டுத்தனம்னு அர்த்தம். (கொடுமையான பேரு!)

காரணம், ‘பிரெசெனிலின் 1’ என்ற ஜீனில் ஒரே ஒரு எழுத்துப் பிழை. மேட்டர் இதுதான்... நம்ம எல்லார் மூளையிலும் ஒரு பெரிய புரதத்தை என்ஸைம்கள் கத்தரிச்சுட்டே இருக்கு. அப்போ விழுகிற துண்டுதான் அமிலாய்டு பீட்டா. சாதாரணமா மூளையே அதை அப்புறப்படுத்திடும். இந்தப் பிழை இருந்தா, 42 அமினோ அமிலம் கொண்ட, பசை மாதிரி ஒட்டுற ரகம் தூக்கலாகிடும். நியூரானுக்கு வெளியே திட்டுத் திட்டாகப் படியும். பிறகு நியூரானுக்குள்ளே ‘டௌ’ங்கிற இன்னொரு புரதம் முறுக்கிக்கும். அப்புறம் அந்த நியூரான் அவுட்!

ஸோ, வில்லன் அமிலாய்டுதான்... கேஸ் க்ளோஸ்? அதான் இல்லை பாஸ்!

அதே பரம்பரையில் ஒரு பெண்மணி. அதே ஜீன் பிழை. ஆனா 70 வயசைத் தாண்டும் வரை மறதி எட்டிப் பார்க்கலை. மூளையை ஸ்கேன் பண்ணினா, அமிலாய்டு கன்னாபின்னான்னு குவிஞ்சு கிடக்கு. டௌ மட்டும் ரொம்பக் கம்மி! ‘அபோஇ’ என்ற ஜீனில் ‘கிறைஸ்ட்சர்ச்’ என்ற அபூர்வ மாற்றம் அவங்களுக்கு இரண்டு பிரதியிலும் இருந்தது. 2019-ல் இது வெளியானப்ப ஆராய்ச்சியாளர்கள் அசந்துட்டாங்க. எங்க எலெக்ட்ரிக்கல் லேப் பாஷையில் சொன்னா, ஓவர்லோடு வந்தாச்சு, ஆனா நடுவுல ஏதோ ஒண்ணு ட்ரிப் ஆகி மெஷினைக் காப்பாத்திடுச்சு.

இது ஏன் முக்கியம்? அமிலாய்டைத் துடைக்கிற லெகானெமாப் மருந்துக்கு அமெரிக்கா 2023-ல் முழு அனுமதி தந்தது. ஆரம்பக் கட்ட நோயாளிகளிடம் 18 மாத சோதனையில், நோயின் வேகம் 27 சதவிகிதம் குறைந்தது. நிற்கவில்லை. சிலருக்கு மூளையில் வீக்கம், ரத்தக்கசிவு வேறு. என்னைக் கேட்டா, குப்பையை அள்ளுவதோடு, அது டௌவைக் கிளப்பிவிடுற இடத்தையும் பிடிக்கணும்.

அதுக்கும் ஒரு க்ளூ கிடைச்சிருக்கு. கிறைஸ்ட்சர்ச் மாற்றம் ஒரே ஒரு பிரதியில் உள்ள 27 பேரை அதே பரம்பரையில் தேடிப் பிடிச்சாங்க. 2024-ல் வந்த ரிசல்ட்: மத்தவங்களுக்குத் தடுமாற்றம் தொடங்கியது சுமார் 47 வயசில், இவங்களுக்கு 52-ல். பிள்ளையோட பேரு மறக்காம கூடுதலா அஞ்சு வருஷம்!