மலாக்காவில் இளவேனில்

தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பன அவை. ஒவ்வொன்றும் இரண்டு மாதம் நீடிக்கும். சித்திரையும் வைகாசியும் இளவேனிலுக்கு உரியவை. ஏப்ரல் நடுவில் பிறக்கும் தமிழ்ப் புத்தாண்டு இப்பருவத்தின் வாசலில் நிற்கிறது.

மலாக்கா, நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 2 பாகையில் அமைந்துள்ளது. இங்கே பகலின் நீளம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. பனி பெய்வதில்லை, பனி உருகி வசந்தம் வருவதும் இல்லை. அப்படியானால், மலாக்காத் தமிழர் சித்திரை பிறந்ததை எதைக் கொண்டு உணர்ந்தனர்? அவர்களுடைய அடுப்படியிலும் வாசலிலும் உடையிலும் இதற்கு விடை இருக்கிறது.

பால்மரம் காட்டிய பருவம்

மலாக்காவில் 1890களில் தான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர், புக்கிட் அசகானில் பெரிய தோட்டத்தை உருவாக்கினார். அதன்பின் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் அத்தோட்டங்களில் குடியேறினர்.

ரப்பர் மரம் தென் அமெரிக்காவின் அமேசான் காட்டைச் சேர்ந்தது. ஆண்டுக்கு ஒருமுறை இலையுதிர்ப்பது அதன் இயல்பு. மலாக்காவில், ஆண்டின் தொடக்கத்தில் மழை குறைந்து வெயில் ஏறும்போது இலைகள் பழுத்து உதிரத் தொடங்கும். நிழல் அடர்ந்திருந்த நிரைகளில் வெயில் தரைவரை இறங்கும். சில வாரங்களில் செம்பு நிறத் தளிர்கள் துளிர்க்கும். அவை மெல்ல மெல்லப் பச்சையாக மாறும். நம் நாட்டில் இளவேனிலைக் கண்ணால் காண வேண்டுமானால், அந்தத் தளிர்களைத்தான் காண வேண்டும்.

இந்த அழகுக்குப் பின்னால் ஒரு சிக்கலும் இருந்தது. மரம் தன் சேமிப்பைப் புதிய இலைகளை உருவாக்கச் செலவிடுவதால் அக்காலத்தில் பால் குறையும். பாலின் அளவைக் கொண்டு கூலி கணக்கிடப்பட்ட தோட்டங்களில் வருமானமும் குறைந்தது. எனவே, சித்திரைப் புத்தாண்டு பெரும்பாலும் கையில் காசு குறைந்திருந்த நேரத்தில்தான் பிறந்தது. அப்படியிருந்தும் கொண்டாட்டம் நிற்கவில்லை. அதற்குத் தேவையான பொருள்களுள் பல கடையில் வாங்க வேண்டியவை அல்ல என்பது அதற்கு ஒரு காரணம்.

அடுப்படியில்: வேப்பம்பூவும் மாங்காயும்

தோட்டத்துக் கோவில்களின் அருகே வேப்பமரம் நிற்பது வழக்கம். குடியிருப்பின் பின்புறம் மாமரமோ முருங்கையோ இருக்கும். புத்தாண்டுப் பச்சடிக்கு இவ்விரண்டு மரங்களே போதும். மாங்காயைத் துண்டுகளாக்கி வேகவைத்து, வெல்லம், உப்பு, மஞ்சள் சேர்ப்பர். கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்து, நெய்யில் வறுத்த வேப்பம்பூவை இறுதியாகத் தூவுவர்.

வெல்லத்தின் இனிப்பு, மாங்காயின் புளிப்பு, வேப்பம்பூவின் கசப்பு, மிளகாயின் கார்ப்பு, உப்பின் உவர்ப்பு, மாங்காய்த் தோலின் துவர்ப்பு என அறுசுவையும் ஒரே கிண்ணத்தில் சேர்கின்றன. வரும் ஆண்டு இன்பமும் துன்பமும் கலந்தே இருக்கும். இரண்டையும் ஏற்கப் பழக வேண்டும் என்பதை இப்பச்சடி நாவின் வழியே குழந்தைகளுக்கு உணர்த்துகிறது.

மாங்காய்க்கு இந்நாட்டில் இன்னொரு சிறப்பும் உண்டு. மலாய் மொழியில் வழங்கும் 'மங்கா' என்ற சொல் மாங்காயிலிருந்தும், 'மெம்பெலாம்' என்ற சொல் மாம்பழத்திலிருந்தும் பிறந்தவை என்பர். தமிழ் வணிகர்கள் பொருளோடு சொல்லையும் கொண்டு வந்தனர் என்பதற்கு இது நல்ல சான்று.

அந்த வணிகர்களின் வழிவந்தவர்களே மலாக்காச் செட்டிகள். 15ஆம் நூற்றாண்டில் மலாக்கா சுல்தானகம் செழித்திருந்தபோது, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து இங்கேயே தங்கினர். இவர்களின் வீட்டு மொழி மலாய், சமயம் சைவம். இவர்களின் சமையலிலும் இரு கரைகளும் சந்திக்கின்றன. தமிழர் சமையலின் கடுகு, சீரகம், புளி ஆகியவற்றுடன் தேங்காய்ப்பால், செராய், அரத்தை, பெலாச்சான் ஆகியவையும் சேர்கின்றன. முன்னோர்க்குப் படையல் இடுவதை இவர்கள் 'பாராச்சு' என்பர். போகியன்று ஒரு பாராச்சும், பழங்கள் மிகுந்த ஆண்டின் நடுப்பகுதியில் மற்றொரு பாராச்சும் நடைபெறும். இரண்டாவதில் டுரியான், மங்குஸ்தீன், ரம்புத்தான் போன்ற பழங்கள் வாழையிலையில் இடம்பெறும். ஊரின் பருவம் மாறினாலும், பருவத்தின் முதல் விளைச்சலை மூத்தோர்க்குப் படைக்கும் பண்பு மாறவில்லை.

வாசலில்: தோரணமும் கோலமும்

மலாக்கா நகரில் காஜா பெராங் சாலையை ஒட்டிய செட்டிக் கம்போங்கிற்குச் சென்றால், வீட்டு வாசல்களில் மாவிலைத் தோரணத்தைக் காணலாம். அவ்வீட்டார் தமிழ் பேசாமல் இருக்கலாம். ஆனால், அந்த வாசலைப் பார்த்தவுடனே எந்தத் தமிழரும் அதன் பொருளைப் புரிந்துகொள்வார்.

தோரணம் கட்டுவது எளிய கலை. ஒரே அளவான மாவிலைகளைத் தேர்ந்தெடுத்து, காம்பை மடித்துக் கயிற்றில் செருக வேண்டும். மாவிலை காய்ந்தாலும் எளிதில் அழுகாது. அதனால் பல நாள் வாசலில் தொங்கும். தென்னங்குருத்தோலைத் தோரணத்திற்குக் கைப்பழக்கம் கூடுதலாக வேண்டும். மங்கல நிகழ்வுக்கு ஒரு விதமாகவும் துக்க நிகழ்வுக்கு வேறு விதமாகவும் அதை மடிப்பர். இந்த வேறுபாட்டைப் பெரியவர்களின் அருகே அமர்ந்துதான் கற்க முடியும்.

வாசலின் கீழே கோலம். அரிசி மாவினால் இட்ட கோலம் எறும்புக்கு உணவாகும். இன்று கடையில் கிடைக்கும் ஒட்டுக் கோலமும் நெகிழித் தோரணமும் வேலையைக் குறைக்கின்றன. ஆனால், எறும்புக்கு உணவும் இல்லை. பிள்ளைகளுக்குப் பயிற்சியும் இல்லை.

இப்பருவத்தில் வேப்பிலைக்கும் வாசலில் இடமுண்டு. மே மாதத்தை ஒட்டி மலாக்காச் செட்டிகள் மாரியம்மன் திருவிழாவைக் கொண்டாடுவர். அதனை 'டத்தோ சாச்சார்' விழா என்பர். 'சாச்சார்' என்ற மலாய்ச் சொல் அம்மை நோயைக் குறிக்கும். வெயில் மிகுந்த நாள்களில் அம்மை பரவாமல் காக்குமாறு அம்மனை வேண்டிய பழைய நினைவு இவ்விழாவில் தங்கியுள்ளது. பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. நோய் போனாலும் நன்றி நிலைத்திருக்கிறது.

உடையில்: கெபாயாவும் தலைப்பாவும்

மலாக்காத் துறைமுகத்திற்கு வந்த முக்கியச் சரக்குகளுள் ஒன்று துணி. சோழமண்டலக் கரையிலும் குஜராத்திலும் நெய்த பருத்தித் துணிகளைக் கொடுத்து, வணிகர்கள் கிராம்பு, சாதிக்காய் முதலியவற்றைப் பெற்றனர். வெப்ப நாட்டிற்கு ஏற்ற மெல்லிய பருத்தி இங்கே பெரிதும் விரும்பப்பட்டது.

துணி கொண்டு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இங்குள்ள உடையை ஏற்றுக்கொண்டனர். மலாக்காச் செட்டிப் பெண்களின் மரபுடை சாரோங்கும் கெபாயாவும் ஆகும். பாத்தேக் சாரோங்கின் மேல் அணியும் கெபாயாவைப் பொத்தானுக்குப் பதிலாகக் 'கெரோசாங்' எனும் அணிகலனால் பூட்டுவர். ஆண்கள் சாரோங் அணிந்து, தலையில் 'தலாப்பா' கட்டுவர். இச்சொல்லைச் சற்று உரக்கச் சொல்லிப் பாருங்கள். நம் 'தலைப்பா' அதில் ஒலிக்கிறது அல்லவா? மொழி மறைந்த பிறகும் ஒரு சொல் தலைமேல் அமர்ந்து வாழ்கிறது.

தோட்டங்களிலோ சேலையும் வேட்டியும் தொடர்ந்தன. புத்தாண்டுத் துணியின் ஓரத்தில் மஞ்சள் தடவி, பெரியவர் கையால் பெற்று உடுத்துவது வழக்கம். ஆக, ஒரே மாநிலத்தில் ஒரே மூலத்திலிருந்து வந்த இரு மரபுகள் இரு வேறு உடைகளில் ஒரே பருவத்தை வரவேற்கின்றன.

நாம் செய்யக்கூடியது

இன்று மலாக்காவின் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. செம்பனை, பால்மரத்தைப் போல் மொத்தமாக இலையுதிர்ப்பதில்லை, செந்தளிரும் காட்டுவதில்லை. குடும்பங்கள் நகரத்திற்குப் பெயர்ந்தபோது வேப்பமரமும் மாமரமும் அங்கேயே நின்றுவிட்டன. செட்டிக் கம்போங்கைச் சுற்றிலும் நகரம் வளர்ந்துவிட்டது.

மலாக்காச் செட்டிகளின் வரலாறு நமக்கு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. வீட்டில் பேசாவிட்டால் மொழி சில தலைமுறைகளில் நழுவிவிடும் என்பது ஒன்று. கையால் தொடர்ந்து செய்யப்படும் வழக்கம் நூற்றாண்டுகளைக் கடந்தும் வாழும் என்பது மற்றொன்று. தமிழைப் படிக்கும் நீங்கள் முதலாவதைக் காக்கலாம். வரும் சித்திரையில் ஒரு முழம் மாவிலைத் தோரணத்தை நீங்களே கட்டினால், இரண்டாவதையும் காக்கலாம்.

சிந்தனைக்கு

1. புத்தாண்டுப் பச்சடியின் அறுசுவை உணர்த்தும் கருத்தை விளக்குக.
2. மலாக்காச் செட்டிகளின் வாழ்வில் தமிழ் மரபும் மலாய் மரபும் இணைந்துள்ளமைக்கு மூன்று சான்றுகள் தருக.
3. உங்கள் குடும்பத்தில் மூத்தவர் ஒருவரிடம் அவர் இளமையில் கண்ட சித்திரைப் புத்தாண்டைப் பற்றிக் கேட்டு, ஒரு பத்தி எழுதுக.