75 சதவீதம்: எத்தனை மாதத்துக்கு?

ஏப்ரல் 25, உலக மலேரியா நாள் நெருங்குகிறது. வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி. புனே சீரம் நிறுவனம் தயாரிக்கும் ஆர்21 தடுப்பூசிக்கு 75 சதவீதத் திறன் என்றால், நூறு குழந்தைகளில் 75 பேருக்கு மலேரியா வராதா? அப்படியல்ல. ஊசி போடாதவர்களிடையே காய்ச்சல் வரும் வேகத்தில் கால்பங்குதான் போட்டவர்களிடையே இருந்தது என்று பொருள். அதுவும் 12 மாதத்துக்கு. அதுவும் மழைக்காலத்துக்குச் சற்று முன் ஊசி போட்ட மாலி, புர்கினா பாசோ ஊர்களில். எதிர்ப்பாற்றல் உச்சத்தில் இருக்கும்போது கொசு வந்து சேரும்படி நாள் பார்த்துப் போட்ட ஊசி அது. மற்ற களங்களில் கிடைத்தது 68. அறிவிப்புகளில் முந்தி நிற்பது என்னவோ 75தான்.

என்னை உறுத்துவது, இந்தச் சதவீதத்தைக் கணக்கிட்ட ‘முதல் காய்ச்சல்’ என்ற அளவுகோல். முதல் காய்ச்சல் வந்ததுமே குழந்தை கணக்கிலிருந்து விலகிவிடும். சதுப்பு நிலத்தோரத்துப் பிள்ளைகளுக்குத்தான் அது முதலில் வரும். ஒப்பீட்டுக்காக வெறிநாய்க்கடி ஊசி போடப்பட்ட குழுவில் இவர்கள் சீக்கிரமே உதிர, கொசு அதிகம் எட்டாத மேட்டு வீட்டுப் பிள்ளைகள் மிஞ்சுகிறார்கள். மலேரியா ஊசிக் குழுவிலோ சதுப்போரத்துப் பிள்ளைகள் பலர் இன்னும் இருக்கிறார்கள். குலுக்கல் முறையில் சமமாகப் பிரித்த குழுக்கள் இப்படிச் சமமற்றுப் போவதால், ஊசியின் வீரியம் துளியும் குறையாவிட்டாலும் சதவீதம் சரிவதாகத் தெரியும். ஒவ்வொரு காய்ச்சலையும் எண்ணினால் தீராதா என்றால், பாதிதான் தீரும். முந்தைய தடுப்பூசியான ஆர்டிஎஸ்,எஸ், நான்கு தவணையில், சுமார் நான்கு ஆண்டில் 36.3 சதவீதமே காட்டியது. ஆனால் ஆயிரம் குழந்தைகளுக்கு 1,774 காய்ச்சல்களைத் தவிர்த்தது. ஒரே பிள்ளைக்குப் பலமுறை வருகிற நோய் அல்லவா! பலமுறை வந்தால் உடலும் பழகிக்கொள்கிறது. ஒப்பீட்டுக் குழு தானாகவே வலுப்பெறுகிறது. கென்யாவின் கிலிஃபியில் அதே ஊசியை மூன்று தவணை போட்டு ஏழு ஆண்டு பின்தொடர்ந்தபோது, கொசு மிகுந்த இடங்களில் ஐந்தாம் ஆண்டு ஊசி போட்டவர்களுக்கே காய்ச்சல் அதிகம். ஏழாண்டுத் திறன் 4.4 சதவீதம், அதன் பிழை வரம்புக்குள் பூஜ்யமும் அடக்கம். ஊசியே நோயைத் தந்தது என்று இதைப் படிப்பது தவறு. அது காய்ச்சலைத் தள்ளிப்போட்டது, உடல் பழகுவதையும் சேர்த்தே தள்ளிப்போட்டது. மலேரியா அதிகம் பலிவாங்குவது ஐந்து வயதுக்குட்பட்டவர்களை என்பதால், தள்ளிப்போடுவதும் லாபமே. அந்த லாபத்தைச் சொல்ல ஓராண்டுச் சதவீதம் போதாது என்பதுதான் என் வாதம்.

எது மலேரியாக் காய்ச்சல்? ஆர்டிஎஸ்,எஸ் ஆய்வின் முதன்மை வரையறைப்படி 37.5 டிகிரியும், மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 5,000க்கு மேல் ஒட்டுண்ணியும். 4,900 என்றால் சேராது. இரண்டு தடுப்பூசிகளில் எது மேல்? வெவ்வேறு களத்துச் சதவீதங்களை அருகருகே வைத்துச் சொல்ல முடியாது. விவாக்ஸ் வகை மலேரியாவுக்கு? இரண்டுமே அதற்கானவை அல்ல.