கம்ப்யூட்டர் மேஜைக்குப் பின்னால் ஒரு சுவர்

நீங்கள் புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவரா? அப்படியானால் ஒரு நிமிடம் எழுந்து போய், சிபியூவின் பின்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். வீட்டுத் தூசி என்றால் பஞ்சு போல ஒட்டும். வெள்ளையாக, நெறுநெறுவென்று வந்தால் கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை. சுவரில் இருக்கிறது.

எங்கள் வீடு திருவொற்றியூரில், கடலுக்குப் பக்கம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பாவுக்கு ஒரு டெஸ்க்டாப் வாங்கிக் கொடுத்தேன். தமிழ் டைப்பிங் பழகி, துறைமுக நாட்களைப் பற்றித் தினமும் அரைப்பக்கம் எழுதி வந்தார். நான்கே மாதத்தில் கம்ப்யூட்டர் தானாக ஆஃப் ஆகத் தொடங்கியது. எழுதியதில் பாதி சேவ் ஆகாமலே போயிற்று. "வைரஸ்" என்று அப்பா தீர்மானமாகச் சொன்னார். நானும் சாஃப்ட்வேர் இன்ஜினியர் ஆயிற்றே, விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்தேன். மறுநாளும் அதே கதை.

கேபினட்டைத் திறந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ப்ராசஸர் மேல் இருக்கும் ஃபேனிலும் ஹீட் சிங்க்கிலும் சுவர்ப் பொடி அடைத்திருந்தது. சூடு வெளியேற வழியில்லாததால், ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஆஃப் ஆகியிருக்கிறது. மேஜையை நகர்த்தினால், முழங்கால் உயரத்துக்குச் சுவர்ப் பூச்சு உப்பி, தொட்டால் உதிர்கிறது.

கொத்தனார் கிடைக்கவில்லை

இரண்டு பேரைக் கேட்டேன். ஒரே ஒரு சுவர் என்றதும் இருவருமே வரவில்லை. எங்கள் தெருக் கொத்தனார் அண்ணன்தான், "ஞாயித்துக்கெழமை வர்றேன் தம்பி. சித்தாளுக்குப் பதிலா நீ நில்லு. அப்படியே கத்துக்க" என்றார். முதல் ஞாயிறு பழைய பூச்சைக் கொத்தி எடுத்தோம். செங்கல் இணைப்புகளில் இருந்த பழைய சாந்தை அரை அங்குலம் ஆழத்துக்குச் சுரண்டினோம். மீதி அடுத்த ஞாயிறு.

எனக்குப் பொறுக்கவில்லை. யூட்யூபில் நாலைந்து வீடியோ பார்த்தேன். பத்து நிமிட வேலை போலத்தான் தெரிந்தது. புதன்கிழமை காலை ஏழு மணிக்கு மொத்தக் கலவையையும் ஒரே தடவையில் போட்டேன். பாதிச் சுவரில் ஆபீஸ் கால். பேசி முடிக்க ஐம்பது நிமிடம். வந்து பார்த்தால் கலவை இறுகியிருந்தது. கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மீதியையும் பூசிவிட்டு ஓடினேன். இரவு வந்து தட்டிப் பார்த்தால் டொக் டொக்கென்று சத்தம். மூன்றாவது தட்டில் பாளம் பாளமாக விழுந்தது.

அண்ணன் சிரித்தார். "சிமென்டு உன் மீட்டிங் முடியற வரைக்கும் குந்திக்கினு இருக்காது தம்பி."

சிமென்ட் இறுகத் தொடங்கும் நேரம் குறைந்தது 30 நிமிடம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. அதற்குள் பூசி முடிக்கக்கூடிய அளவுதான் ஒரு தடவைக்குக் கலக்க வேண்டும். இறுகியதில் தண்ணீர் ஊற்றினால் இளகும், ஆனால் பலம் திரும்பாது. எனது இரண்டாவது தவறு, செங்கல்லை நனைக்காதது. காய்ந்த செங்கல் கலவையின் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பிடிப்பு வராது.

மூன்றாவது தவறு, கையுறை போடாதது. ஈரச் சிமென்ட் கடுமையான காரம். விரல் நுனிகள் வெந்து, இரண்டு நாள் கீபோர்டைத் தொட முடியவில்லை. ஆபீஸ் பயோமெட்ரிக் மிஷினும் என்னை யாரென்று கேட்டது! இதை அண்ணனிடம் புலம்பினேன். அவர் தன் கையை விரித்துக் காட்டினார். ரேகையே இல்லை, வழவழவென்று இருந்தது. "ரேஷன் கடையில எனக்கு இது எல்லா மாசமும் தம்பி" என்றார். ஆதார் சரிபார்ப்பில் கருவிழி ஸ்கேனும் செல்லும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இனி அதைக் கேட்டு வாங்கச் சொன்னேன்.

எக்செல்லில் கலவைக் கணக்கு

இங்கே மட்டும்தான் எனக்கு அவரைவிட வேகம் அதிகம். எக்செல் இல்லாவிட்டால் இலவசமான லிபர் ஆபீஸ் கால்க் போதும். ஏ2 செல்லில் சுவரின் நீளம், பி2-வில் உயரம், மீட்டரில். சி2-வில் =ஏ2*பி2*0.012 என்று, செல் பெயர்களை ஆங்கில எழுத்தில் டைப் செய்யவும். 0.012 என்பது 12 மி.மீ. கனம். 3 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் உயரத்துக்கு 0.0432 கன மீட்டர் வரும். சுரண்டிய இணைப்புகளுக்கும் சிந்துவதற்கும் கால் பங்கு கூட்டவும். உலர்ந்த பொருள் தண்ணீர் பட்டதும் அடங்கிவிடும், அதற்காக 1.33-ஆல் பெருக்கவும். சுமார் 72 லிட்டர்.

நான் வெறும் சிமென்ட், மணலுக்குத்தான் கணக்கு போட்டிருந்தேன். அண்ணன் விடவில்லை. "உப்புச் சுவருக்கு சுண்ணாம்பு இல்லாம பூசாத" என்றார். ஏன் என்று பிறகுதான் படித்தேன். செங்கல் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றுகிறது. ஈரம் ஆவியாகும் இடத்தில் உப்பு படிகமாகி, பூச்சை உள்ளிருந்து தள்ளுகிறது. கெட்டியான சிமென்ட் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடாது. அது இன்னும் மேலே ஏறி, புதுப் பூச்சுக்கு மேல் வெடிக்கும். சுண்ணாம்பு கலந்தால் சுவர் மூச்சு விடும்.

பழைய மதராஸ் வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சு பளிங்கு போல மின்னியதற்குப் பேர் போனது. கடல் சிப்பியைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு அது. 1856-ல் ராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்டபோது இந்தியாவில் சிமென்ட் ஆலையே கிடையாது. 1904-ல் சிப்பியிலிருந்து சிமென்ட் தயாரிக்க முதன்முதலில் முயன்றதும் சென்னையில்தான். அது நிலைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஆகவே 1 பங்கு சிமென்ட், 1 பங்கு நீர்த்த சுண்ணாம்புத் தூள், 6 பங்கு மணல். 72-ஐ எட்டால் வகுத்தால் சிமென்ட் 9 லிட்டர் (சுமார் 13 கிலோ), சுண்ணாம்பு 9 லிட்டர், மணல் 54 லிட்டர். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். எங்கள் பக்கத்து போர் தண்ணீரும் உப்பு, அதனால் குழாய்த் தண்ணீரில்தான் கலந்தோம்.

மறு ஞாயிறு

கலவையைத் தடவக் கூடாது, மணிக்கட்டைச் சுழற்றிக் கரணையால் அடிக்க வேண்டும். இதை எந்த வீடியோவும் என் மணிக்கட்டுக்குச் சொல்லித் தரவில்லை. முதல் ஒரு மணி நேரம் பாதி தரையில்தான் விழுந்தது. முதலில் சுவரில் அங்கங்கே 12 மி.மீ. கனத்துக்குப் பொட்டு வைத்து, அவற்றின் நடுவே நிரப்பி, மட்டப்பலகையால் இழுத்தோம்.

மட்டம் பார்க்க மொபைல் ஆப்பை எடுத்தேன். அண்ணன் ரசமட்டத்தை நீட்டினார். இரண்டுக்கும் ஒரே சோதனைதான். அதே இடத்தில் திருப்பி வைத்துப் பாருங்கள். இரண்டு முறையும் ஒரே அளவு காட்டினால் நம்பலாம். என் போன் ஒரு டிகிரி பொய் சொன்னது.

பூசிய மறுநாளிலிருந்து ஏழு நாள், காலையும் இரவும் தண்ணீர் தெளித்தேன். 2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டதால் காலையில் அதற்கு நேரம் கிடைத்தது.

இந்த நாட்களில் கம்ப்யூட்டரை வேறு அறைக்கு மாற்றிவிடவும். மூடி வைத்தால் போதாது, ஈரக் காற்றும் ஆகாது. கேபினட்டைச் சுத்தம் செய்யும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேனை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ப்ளோயரால் ஊதவும். ஃபேன் வேகமாகச் சுழன்றால் கெட்டுவிடும்.

மேஜை இப்போது சுவரிலிருந்து அரை அடி தள்ளி நிற்கிறது. அப்பா விட்ட இடத்திலிருந்து எழுதுகிறார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கன்ட்ரோல் கீயோடு எஸ் கீயை அழுத்தச் சொல்லியிருக்கிறேன். போன வாரம் இடது மூலையில் விரல் நீளத்துக்கு வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. அண்ணனிடம் காட்டினேன். "தண்ணி ஊத்திக் கழுவாத, திரும்ப உள்ளேதான் போவும். காஞ்ச ப்ரஷ்ல தட்டி, மொறத்துல வாரிக் கொட்டு" என்றார்.