போலீட் காளானை அடையாளம் காணுதல்

போலீட் காளானின் முதல் அடையாளம் அதன் குடைக்கு அடியில் இருக்கிறது. கடையில் விற்கும் மொட்டுக் காளானில் அந்த இடத்தில் மெல்லிய செவுள்கள் வரிசையாக இருக்கும். போலீட்டுக்குச் செவுள் இல்லை. பஞ்சுபோல நெருங்கிய நுண்குழாய்களும் அவற்றின் வாய்களாகிய துளைகளுமே உண்டு. ஸ்போர்கள் குழாய்களுக்குள் உருவாகித் துளை வழியே உதிர்கின்றன. மரக்கட்டையில் முளைக்கும் வேறு சில காளான்களுக்கும் துளைகள் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் தோல்போலவோ கட்டைபோலவோ கெட்டியானவை. போலீட்டின் சதை மென்மையானது.

ஐரோப்பியக் காடுகளில் கோடை இறுதி முதல் இலையுதிர் காலம் வரை, மழைக்குப் பின் இவை தலைகாட்டும். பெரும்பாலானவை மரவேர்களோடு கூட்டுவாழ்வு நடத்துபவை. ஆகவே பக்கத்தில் நிற்பது பீச்சா, ஓக்கா, ஸ்ப்ரூஸா என்று பார்ப்பதும் அடையாளம் காண்பதில் ஒரு பகுதிதான்.

இத்தாலியர் போர்சினி என்று கொண்டாடும் போலீட்டஸ் எடுலிஸ் இக்குடும்பத்தில் பெயர்பெற்றது. பழுப்புக் குடை, தடித்த காம்பு, காம்பின் மேற்பகுதியில் வெண்ணிற வலைப்பின்னல். துளைகள் இளமையில் வெள்ளை. முதிர முதிர மஞ்சளாகிப் பச்சை கலந்த நிறம் பெறும். வெட்டினாலும் சதை வெள்ளையாகவே இருக்கும். இதைப்போலவே தோன்றி ஏமாற்றுவது டைலோபிலஸ் ஃபெல்லியஸ். அதன் காம்பில் வலை கருமையாக இருக்கும். துளைகள் முதிர்ச்சியில் இளஞ்சிவப்பாகும். நஞ்சு என்று சொல்வதற்கில்லை, ஆனால் கடுங்கசப்பு. ஒன்றே ஒன்று விழுந்தாலும் குழம்பு முழுவதும் பாழ்.

இளங்காளான்களில் இந்த நிறவேறுபாடு தெளிவாகத் தெரியாது. அப்போது குடையை வெட்டி, துளைப்பக்கம் கீழாக வெள்ளைத்தாளில் வைத்து, மூடி ஓர் இரவு விட்டால் ஸ்போர்த்தூள் தாளில் படியும். போர்சினியின் தூள் ஆலிவ் பழுப்பு. கசப்புக் காளானுடையது இளஞ்சிவப்புச் சாயல் கொண்டது.

வெட்டினால் நீலமாகும் காளான் நஞ்சு என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அதை நம்ப முடியாது. வேரிகேட்டிக் அமிலம் போன்ற நிறமிகள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிவதே அந்த நீலத்துக்குக் காரணம். இம்லேரியா பேடியா என்ற காளானின் துளைகளை அழுத்தினால் நீலமாகும். ஐரோப்பாவில் பலரும் அதை விரும்பி உண்கிறார்கள். நீலமாகாத கசப்புக் காளானோ உணவுக்கு உதவாது.

உண்மையாகவே அஞ்ச வேண்டியது 'சாத்தான் போலீட்' எனப்படும் ருப்ரோபோலீட்டஸ் சாட்டனாஸ். வெளிறிய குடை, சிவந்த துளைகள், பருத்த காம்பு கொண்டது. சுண்ணாம்பு மண்ணில் வளர்வது. தின்றால் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். அதன் சதையும் வெட்டினால் மெல்ல நீலமாகும். எனவே எந்தப் போலீட்டையும் அடிக்காம்போடு முழுதாகப் பெயர்த்தெடுத்து, குடை, துளை, காம்பு, சதை, ஸ்போர்த்தூள் அனைத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒன்று பொருந்தாவிட்டாலும் அதைச் சமைக்கக் கூடாது.