கன்னியாகுமரிக்கு டூர், நாகர்கோவில்ல ரூம்... நிஜமாவே காசு மிச்சமாகுமா?

லீவு கிடைச்சாச்சு. கன்னியாகுமரி போறதுன்னு முடிவும் பண்ணியாச்சு. ஆனா, ஹோட்டல் ஆப்பைத் திறந்து கடல் தெரியும் ரூமோட வாடகையைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வெச்சிடுவோம். கார்த்திகை, மார்கழின்னா ஐயப்ப பக்தர்கள் கூட்டமும் சேர்ந்துக்கும்; வாடகையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அப்பதான் கூட வர்ற ஃப்ரெண்டு ஒரு வழி சொல்வார். "நாகர்கோவில்ல ரூம் போட்டுட்டு ட்ரெயின்ல போயிட்டு வந்துடலாம்!"

நல்ல ஐடியாதான். ரயில் பாதையில் இரண்டு ஊருக்கும் நடுவில் 16 கிலோமீட்டர்கூட முழுசா இல்லை. நானும் அப்படித்தான் அம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். அம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், கடல்ல சூரியன் உதிக்கிறதைப் பார்க்கணும். விடியறதுக்கு முன்னாடி ஸ்டேஷனுக்குப் போனோம். நான் நம்பியிருந்த ரயில் வாரத்தில் சில நாள் மட்டும் ஓடுறது. அன்னிக்கு அது கிடையாது. ஓடுற நாளைப் பார்க்காதது முழுக்க என் தப்பு. பஸ் பிடிச்சுக் கடற்கரைக்குப் போனப்ப சூரியன் நல்லா மேலே வந்திருந்தது. "பரவால்ல விடு, நாளைக்கும் வரும்ல"ன்னு அம்மா சிரிச்சாங்க. அன்னிக்கு ராத்திரி எங்களுக்கு ரிட்டர்ன் டிக்கெட்!

அதனால, ரூம் போடறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பார்த்துடுங்க.

வாடகையை மட்டும் பார்க்காதீங்க

ஒரு உதாரணக் கணக்கு. கன்னியாகுமரியில் ரூம் 2,500 ரூபாய், நாகர்கோவிலில் 1,300 ரூபாய்னு வெச்சுக்குவோம். ஒரு இரவுக்கு 1,200 ரூபாய் மிச்சம். இந்தத் தூரத்துக்கு முன்பதிவில்லா டிக்கெட், ரயிலைப் பொறுத்து ஆளுக்கு 10 முதல் 45 ரூபாய்க்குள் முடிஞ்சிடும். மூணு பேர் போய்வர அதிகபட்சம் 270 ரூபாய். ரூமுக்கும் ஸ்டேஷனுக்கும் ஆட்டோ 300 ரூபாய்னு போட்டா, மொத்தம் 570. கையில் மிஞ்சுவது 630 ரூபாய். ஓகேதான்.

ஆனா, காலையில் சூரிய உதயம் பார்த்துட்டு, மதியம் ரூமுக்கு வந்து படுத்துட்டு, சாயங்காலம் அஸ்தமனத்துக்குத் திரும்பப் போனா? 570 இரண்டு முறை ஆகி 1,140. மிச்சம் வெறும் 60 ரூபாய்! அப்படித் திரும்பாமல் அங்கேயே இருந்தால், விடியறதுக்கு முன்னாடியிலிருந்து ராத்திரி வரை கால் நீட்ட இடமில்லாமல் சுத்தணும். உங்களுக்கு ஓகே, அப்பா அம்மாவுக்கு?

இதிலிருந்து ஒரு விதி எடுத்துக்கலாம்: ஒரு நாளைக்கு ஒரே ஒருமுறை போய் வந்தால்தான் பக்கத்து ஊர் லாபம்.

முதல் ரயில், கடைசி ரயில்

ஒரு நாளைக்கு எத்தனை ரயில்ங்கிறதைவிட, உங்களுக்குத் தேவையான நேரத்தில் ரயில் இருக்கான்னு பாருங்க. கன்னியாகுமரியில் மாதத்தைப் பொறுத்து காலை 6 மணியிலிருந்து 6.40-க்குள் சூரியன் உதிக்கும். ஸ்டேஷனிலிருந்து கடற்கரைக்கு நடக்க கால் மணி நேரம் ஒதுக்கணும். அஸ்தமனம் முடிஞ்சு திரும்பவும் ரயில் வேணும். ஓடும் நாள்களையும் சேர்த்துப் பாருங்க. ரயில் இல்லாத நேரத்துக்கு பஸ் இருக்கு. சாதாரணக் கட்டண டவுன் பஸ் என்றால் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது.

இன்னொரு விஷயம், நாகர்கோவிலில் ஜங்ஷன், டவுன்னு இரண்டு ஸ்டேஷன். சில ரயில்கள் ஜங்ஷனுக்குள் வராமல் டவுனில் மட்டும் நின்னுட்டுப் போயிடும். கன்னியாகுமரி பாதை பிரியறது ஜங்ஷனில்தான். அதுக்குப் பக்கத்தில் ரூம் பார்த்தால் ஆட்டோ செலவும் குறையும்.

டிக்கெட்டில் மாட்டிக்காதீங்க

ரயில்ஒன் ஆப்பிலேயே முன்பதிவில்லா டிக்கெட் எடுக்கலாம். பேப்பர் இல்லாத டிக்கெட்டை ஸ்டேஷனுக்கு உள்ளே நின்று எடுக்க முடியாது, வெளியிலேயே எடுத்துடுங்க. எடுத்த 3 மணி நேரத்துக்குள் கிளம்பிடணும் என்பதால், முதல் நாள் ராத்திரியே எடுத்து வைக்கும் வேலை ஆகாது. சூப்பர்ஃபாஸ்ட் ரயிலில் ஏறினா அதுக்கான கூடுதல் கட்டணம் சேர்ந்த டிக்கெட் வேணும். கால் மணி நேரம்தானேன்னு ஸ்லீப்பரில் ஏறவும் கூடாது. பிடிபட்டால் டிக்கெட் காசோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். மிச்சம் பிடிச்ச காசு அதிலேயே போயிடும்.

அப்போ எப்படித்தான் போறது?

இரண்டு ஊரிலும் ஒவ்வோர் இரவு தங்குங்க. இரவு ரயிலில் நேரா கன்னியாகுமரிக்கே போய் இறங்கிடுங்க. அன்னிக்கு சாயங்காலம் அஸ்தமனம், மறுநாள் காலையில் நிதானமா சூரிய உதயம். படகு வழக்கமா காலை 8 மணிக்குத்தான் தொடங்கும். விவேகானந்தர் பாறையைப் பார்த்துட்டு, 2024 டிசம்பரில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் வழியா திருவள்ளுவர் சிலைக்குப் போகலாம். அப்புறம் பையோடு நாகர்கோவிலுக்கு மாறிடுங்க.

ஏன்னா, இந்த மாவட்டத்தில் பார்க்க வேண்டிய மற்றதெல்லாம் நாகர்கோவில் பக்கம்தான். சுசீந்திரம் கோயில், முட்டம் கடற்கரை, திற்பரப்பு அருவி, பத்மநாபபுரம் அரண்மனை (திங்கள்கிழமை விடுமுறை) என எங்கே போகவும் இதுதான் வசதி. ஊர் திரும்பவும் நாகர்கோவில் ஜங்ஷனில் இருந்து நிறைய ரயில்கள் இருக்கு. மேலே போட்ட கணக்குப்படி இரண்டு இரவுக்கு 3,800 ரூபாய். இரண்டு நாளும் கன்னியாகுமரியில் தங்கினால் 5,000. அதாவது 1,200 ரூபாய் மிச்சம், சூரிய உதயமும் நிச்சயம்.

எல்லா ஊருக்கும் செட் ஆகாது

கொச்சியைச் சுத்திப் பார்க்க ஆலுவாவில் தங்கலாம். மெட்ரோ அங்கிருந்தே கிளம்புது. எர்ணாகுளத்தில் இறங்கி, ஃபோர்ட் கொச்சிக்குப் படகு பிடிச்சிடலாம். ஆனா ஊட்டிக்கு மேட்டுப்பாளையத்தில் தங்கி மலை ரயிலில் தினமும் போய் வர நினைக்காதீங்க. 46 கிலோமீட்டர் ஏற அது கிட்டத்தட்ட 5 மணி நேரம் எடுத்துக்கும். அந்தப் பயணமே ஒரு டூர்!

அதனால கிலோமீட்டரைப் பார்க்காம டைம் டேபிளைப் பார்த்து ரூம் போடுங்க. நீங்க எதைப் பார்க்கத்தான் போறீங்களோ, அதுக்கான ஓர் இரவை மட்டும் அந்த ஊரிலேயே தங்கிடுங்க. அடுத்த முறை நான் அம்மாவோடு போறப்ப முதல் ரூம் கன்னியாகுமரியில்தான்.